எதிர்ப்பாற்றல் குன்றியோரும் மூளைக் காய்ச்சலும்

ஏரிக்கரை உறுதியாக இருக்கும்வரை நீர் ஏரிக்குள்ளேயே அடங்கி நிற்கிறது. ஊரார் அதனை நினைப்பதுமில்லை. கரை தளர்ந்துவிட்டாலோ, அதே நீர் ஊருக்குள் புகுந்து கேடு விளைவிக்கிறது. மனித உடலில் உள்ள நோய் எதிர்ப்பாற்றலும் இத்தகையதே. அது வலிமையோடு இருக்கும்வரை பல கிருமிகள் அடங்கிக் கிடக்கின்றன. பல கிருமிகள் உள்ளே நுழையாமலே திரும்புகின்றன. அது குன்றிய இடத்திலோ, பிறருக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட மூளை வரை சென்று உயிருக்கு உலை வைக்கிறது.

எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் முன்னாட்களில் நீண்ட காலம் உயிர் வாழ்வது அரிதாயிருந்தது. மருத்துவ முன்னேற்றத்தால் இன்று அந்நிலை மாறிவிட்டது. சிறுநீரகம் மாற்றி வைக்கப்பெற்றவரும், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரும், எச்.ஐ.வி. கிருமி இருந்தும் மருந்துண்டு நலமாக வாழ்பவரும் நம் சிற்றூர்களில் உழுதும் நட்டும் கடை நடத்தியும் வருகின்றனர். இவர்களுக்கு நேரக்கூடிய ஒரு பேரிடரைப் பற்றியும், அதனைத் தடுப்பதில் வீட்டாருக்கும் ஊராட்சிக்கும் உள்ள பங்கைப் பற்றியும் இப்பாடத்தில் காண்போம்.

மூளைக் காய்ச்சல் என்பது யாது?

வைரஸ் கிருமிகள் மூளையைத் தாக்கி, அதனை வீங்கி அழற்சியுறச் செய்வதையே மூளைக் காய்ச்சல் என்கிறோம். இது ஒரே நோயன்று. பல கிருமிகளால் உண்டாகும் நோய்களுக்குப் பொதுப்பெயர்.

இந்நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பெற்றது 1955ஆம் ஆண்டில், வேலூர்ப் பகுதியிலேயே ஆகும். அதே வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 1971ஆம் ஆண்டில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியுடன் செய்யப்பட்டது. பிறரது உறுப்பை உடல் ஏற்கும்பொருட்டு, எதிர்ப்பாற்றலை மருந்தால் வேண்டுமென்றே தணித்து வாழ்நாள் முழுதும் காக்க வேண்டிய நிலை அத்தகைய சிகிச்சையோடு வந்தது. கிருமியும், அதற்கு எளிதில் ஆட்படக்கூடிய மனிதரும் ஒரே ஊரில் வாழும் காலம் இது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு நினைவூட்டுகின்றன.

எதிர்ப்பாற்றல் குன்றியோர் யாவர்?

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ பெறுபவர்கள், இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், எச்.ஐ.வி. இருந்தும் மருந்துண்ணாதவர்கள், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகள் ஆகியோர் இவ்வகையில் முதன்மையானவர்கள். முதியோர், ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகள், நீரிழிவைக் கட்டுக்குள் வைக்காதவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆகியோரிடத்தும் எதிர்ப்பாற்றல் ஓரளவு குறைந்தே காணப்படும்.

இவர்களோடு சேர்த்து எண்ண வேண்டியவர்கள் இன்னொரு சாரார். மூட்டு வலிக்கும், இளைப்புக்கும், தோல் நோய்க்கும் மருத்துவர் எழுதித் தராமலே கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளுள் சில ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. அவை வலியை விரைவில் தணிப்பதால், ‘கைகண்ட மருந்து’ என்று கருதி மாதக்கணக்கில் உண்பவர்கள் உண்டு. அவ்வாறு நெடுநாள் உண்பதால் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. உண்பவருக்கோ அது தெரிவதில்லை. மருத்துவரது கண்காணிப்பில், வேண்டிய அளவில் உண்ணும்போது இம்மருந்துகள் உயிர் காப்பவை என்பதையும் மறக்கலாகாது. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து நேரும். ஆகவே அஞ்சி நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் மாத்திரையையே கொண்டுபோய்க் காட்டி, அவர் சொற்படி நடப்பதே முறை.

உள்ளே உறங்கும் கிருமிகள்

மூளையைத் தாக்கும் கிருமிகளை இரு வகையாகப் பிரித்தறிவது நலம். முதல் வகை, நம் உடலுக்குள்ளேயே நெடுங்காலமாக உறங்கிக் கிடப்பவை.

உதட்டோரத்தில் அடிக்கடி நீர்க்கொப்புளம் எழச் செய்யும் ஹெர்ப்பிஸ் கிருமி இவ்வகையது. இது நல்ல உடல்நலம் உள்ளவரது மூளையையும் தாக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் குன்றியவரிடத்தில் வழக்கமான அறிகுறிகள் தோன்றாமலே பரவவும் கூடும். சிகிச்சை இல்லாவிடில் இந்நோய் கண்டவருள் 100க்கு 70 பேர் வரை இறந்துவிடுவர். அசைக்ளோவிர் என்னும் மருந்தை இரத்தக் குழாய் வழியே காலத்தில் செலுத்தினால் இத்தொகை 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூளைக் காய்ச்சல்களுள் மருந்துக்குக் கட்டுப்படுவன மிகச் சிலவே. அவற்றுள் இது தலையாயது. ஆதலின், ஒரு நாள் தாமதமும் இங்குப் பெரிய இழப்பாகும்.

இரண்டாவது, சின்னம்மைக் கிருமி. சிறு வயதில் அம்மை கண்டு தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகும், அக்கிருமி நரம்பு வேர்களில் தங்கிவிடுகிறது. ஆண்டுகள் பல சென்ற பின், உடல் தளரும் வேளையில் அதுவே அக்கியாக வெளிப்படுகிறது. அக்கி கண்டவருக்குக் காவி குழைத்து ‘அக்கி எழுதுதல்’ நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். எழுதுவோரது நன்னோக்கத்தில் ஐயமில்லை. ஆயினும் தோலின்மேல் பூசும் காவி நரம்புக்குள் இருக்கும் கிருமியை எட்டாது. எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு, அதிலும் நெற்றியிலோ கண்ணருகிலோ காதருகிலோ அக்கி எழுந்தால், கிருமி கண்ணையும் மூளையையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் தாக்கக்கூடும். எனவே அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, ஜே.சி. வைரஸ். பெரியவர்களுள் பெரும்பாலோரது உடலில் இது தீங்கின்றித் தங்கியுள்ளது. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியோரிடத்து மட்டும் இது மூளை நரம்புகளைச் சூழ்ந்துள்ள உறையை அழிக்கிறது. இந்நோயை மருத்துவர்கள் 1958ஆம் ஆண்டிலேயே விவரித்தனர். காரணமான கிருமி 1971இல் பிரித்தெடுக்கப்பட்டது. இதனை நேரே கொல்லும் மருந்து இதுவரை இல்லை. எதிர்ப்பாற்றலை மீண்டும் எழச் செய்வதே வழி. எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தை நாள் தவறாமல் உண்பதன் பயன் இங்கே தெளிவாகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது; 2004 ஏப்ரல் முதல் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனையும் முதல் நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது.

வெளியிலிருந்து வரும் கிருமிகள்

இரண்டாம் வகைக் கிருமிகள் பிற மனிதராலும் கொசுவாலும் விலங்காலும் வருவன. இவற்றைத் தடுப்பதில்தான் ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயின் ஒவ்வொன்றுக்கும் போட வேண்டிய வேலி வேறு என்பதை நன்கு உணர்தல் வேண்டும்.

தட்டம்மை மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றின் வழியே பரவுவது. எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு இது வந்தால், காய்ச்சல் நீங்கிச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து வலிப்பும் மயக்கமுமாக மூளை தாக்கப்படுவதுண்டு. அத்தகைய குழந்தையின் உடலில் தட்டம்மைப் புள்ளிகளே தோன்றாமலும் இருக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசி உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமியால் ஆனது. ஆகையால், எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியோருக்கு அதனைப் போடுதல் இயலாது. அவர்களுக்குச் சுற்றியுள்ளோர் போட்டுக்கொள்ளும் ஊசியே காப்பு. ஊரில் 100க்கு 95 குழந்தைகளாவது இரு தவணைகளையும் முடித்திருந்தால், நோய் உள்ளே நுழைந்து பரவ இடமிராது. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நடைபெற்றது. அதன் பின்னர் பிறந்த குழந்தைகளுக்கு 9 முதல் 12 மாதத்திற்குள் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறு தவணையும் தவறாமல் போடுவிப்பது பெற்றோர் கடமை. தம் குழந்தைக்கு ஊசி வேண்டாமென்று ஒருவர் மறுப்பது, அடுத்த தெருவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் வேலியைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இக்கிருமி கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் பெருகி, நெல் வயலில் பிறக்கும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களால் மனிதருக்கு வருகிறது. ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதில்லை. ஆகவே அண்டை வீட்டார் ஊசி போட்டுக்கொள்வது அவர்களை மட்டுமே காக்கும். கிருமி புகுந்தவருள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடுநோய் உண்டாகிறது. அவ்வாறு உண்டானவருள் 100க்கு 30 பேர் வரை இறக்கின்றனர். பிழைத்தவருள்ளும் பலர் நிலையான ஊனம் அடைகின்றனர். நோய் வழக்கமாகக் காணப்படும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு இதற்கெனத் தடுப்பூசி போடப்படுகிறது. அங்கு வழங்கும் உயிர்க்கிருமி ஊசி எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு ஏற்றதன்று. உயிரற்ற கிருமியாலான வேறு ஊசியும் உள்ளது. அது பொருந்துமா என்பதை மருத்துவரே கூற வேண்டும். இங்கு ஊர் முழுமைக்கும் போடத்தக்க வேலி கொசு ஒழிப்பே.

இதில் உழவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், நீர் வற்றியபின் மீண்டும் பாய்ச்சும் முறையைக் கையாண்டால், கொசுப் புழுக்கள் வளர்ச்சி முற்றுமுன்னரே மடிகின்றன. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் நெல் வயல்களில் செய்த ஆய்வுகள் இதனை எடுத்துக் காட்டியுள்ளன. நீர்ச் சிக்கனமும் கொசு ஒழிப்பும் ஒருங்கே கைகூடும் இம்முறையை, ஒருவர் மட்டும் செய்வதைவிட ஒரு மடைக்கு உட்பட்ட உழவர் அனைவரும் சேர்ந்து செய்வதே பயன் தரும். பன்றிக் கொட்டில்களைக் குடியிருப்பிலிருந்து விலக்கி அமைத்தல் வேண்டும். மாட்டின் உடலில் இக்கிருமி பெருகுவதில்லை; ஆயினும் மாட்டை நாடி வரும் கொசுக்கள் அருகில் உறங்குவோரையும் கடிக்கும். எனவே தொழுவத்தை ஒட்டிப் படுப்பதைத் தவிர்த்து, அந்தி முதல் கொசுவலையைப் பயன்படுத்துதல் நன்று. கியூலெக்ஸ் கொசுவால் வரும் மேற்கு நைல் காய்ச்சலும் இவ்வாறே தடுக்கப்படும். 2011இல் கேரளத்து ஆலப்புழைப் பகுதியில் கண்டறியப்பட்ட அந்நோய், முதியோரையும் உறுப்பு மாற்று செய்துகொண்டோரையும் கடுமையாகத் தாக்கும் இயல்புடையது.

வெறிநாய்க்கடியால் வரும் நோயும் மூளையைத் தாக்கும் வைரஸ் நோயே. அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. கடிபட்ட இடத்தை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் உயிர் காக்கலாம் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியவரது உடல், தடுப்பூசிக்கு வேண்டிய அளவு எதிர்ப்பொருளை உண்டாக்காமல் போகலாம். ஆகவே இரத்தம் கசியாத சிறு கீறலாயினும், அவர்களுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் மருந்தையும் செலுத்தி, தடுப்பூசித் தவணைகள் அனைத்தையும் தசையில் போடுவது முறையாகும். நாய் கீறியதென்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போது, தாம் உண்டுவரும் மருந்துகளையும் தமக்குள்ள நோயையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதன்பொருட்டே.

அறிகுறிகள் அடங்கியே தோன்றும்

இப்பாடத்தின் நடுநாயகமான செய்தி இது. கடுங்காய்ச்சல், தாங்கொணாத் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை மூளைக் காய்ச்சலின் அறிகுறிகள் என்று நாம் கற்றிருக்கிறோம். காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரின் விளைவுகளே. எதிர்க்கும் ஆற்றல் இல்லாத உடலில் அப்போர் கடுமையாக நிகழ்வதில்லை. ஆகையால் காய்ச்சல் சிறிதளவே இருக்கலாம். சிலரிடத்து இல்லாமலே போகலாம். ஜே.சி. வைரஸ் நோயில் பெரும்பாலும் காய்ச்சலே காண்பதில்லை.

அத்தகையோரிடத்து நாம் காண வேண்டியவை வேறு. வழக்கமாகச் செய்யும் வேலையில் தடுமாற்றம், தெரிந்தவர் பெயரை மறத்தல், பேச்சுக் குழறல், காரணமின்றிச் சினத்தல் அல்லது சிரித்தல், பகலிலும் ஓயாத உறக்கம், நடக்கையில் தள்ளாடுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பார்வை மங்குதல். இவை ஒரே நாளில் தோன்றலாம். சில வாரங்களில் சிறிது சிறிதாக வளரவும் செய்யலாம்.

நாள்தோறும் மடை திருப்பும் உழவர் ஒருவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் என்று வைத்துக்கொள்வோம். எந்த மடையைத் திறப்பது என்று அவர் இரு நாளாகக் குழம்பி நிற்கிறார், உடம்பு சுடவில்லை, தலை சற்று கனக்கிறது என்கிறார். ‘வயதாகிவிட்டது’ என்று பிள்ளைகள் வாளாவிருந்தாலும், ‘காற்றுக் கருப்பு அண்டியது’ என்று மந்திரிக்க அழைத்துச் சென்றாலும், இழப்பது மருந்து பலிக்கக்கூடிய நாட்களையே. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால், காரணமான கிருமி எதுவாயினும், அதனைக் கண்டறியும் வாய்ப்பேனும் கிட்டும்.

வீட்டார் செய்ய வேண்டுவன

முதலாவதாக, 108க்குத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு தடையின்றிச் செல்லுமாறு ஆடையைத் தளர்த்துக. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுத்தலும், வாயில் கரண்டியோ துணியோ திணித்தலும் கூடா. முழு நினைவு இல்லாதவருக்குத் தண்ணீரோ, பாலோ, மாத்திரையோ புகட்டலாகாது. அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்க.

உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும், மருத்துவச் சீட்டுகளையும் ஒரு பையில் இட்டு உடன் கொண்டுசெல்க. ‘இவருக்கு எதிர்ப்பாற்றல் குறைவு’ என்னும் செய்தியை முதலில் காணும் மருத்துவரிடமே கூறுக. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை வீட்டாரே நிறுத்தலாகாது; குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரது பொறுப்பு.

வீட்டிலோ அண்டையிலோ ஒருவருக்குச் சின்னம்மை கண்டால், வேப்பிலை கட்டுவதோடு நின்றுவிடாமல், எதிர்ப்பாற்றல் குன்றியவரை அங்கிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். அவர் ஏற்கெனவே அங்கு இருந்துவிட்டார் எனின், அம்மை தோன்றுமா என்று காத்திராமல் உடனே மருத்துவரை நாடுக. நோய் வருமுன்னரே தடுக்கும் மருந்துகள் உள்ளன.

மருத்துவமனையில் நிகழ்வன

இரத்தச் சோதனையோடு மூளையைப் படம் பிடித்துப் பார்ப்பதும், முதுகில் ஊசி செலுத்தி நரம்பு நீரைச் சிறிதளவு எடுத்துச் சோதிப்பதும் வழக்கம். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போகும் என்ற அச்சத்தால் பலர் இசைவு தர மறுக்கின்றனர். தண்டுவடம் முடிந்துவிடும் இடத்திற்குக் கீழேதான் அவ்வூசி செலுத்தப்படுகிறது. ஆதலின் அத்தகைய அச்சத்துக்கு இடமில்லை. அந்நீரைச் சோதிக்காமல் எக்கிருமி என்று துணிவது கடினம். எதிர்ப்பாற்றல் குன்றியோரிடத்துக் காசநோய்க் கிருமியும், பூஞ்சையும் மூளையைத் தாக்கி இதே அறிகுறிகளைத் தரக்கூடும். அவற்றுக்குரிய மருந்து முற்றிலும் வேறு. சோதனை முடிவு வருமுன்னரே மருத்துவர் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவது, காலத்தை வீணாக்காமைப்பொருட்டே ஆகும்.

ஊராட்சியின் கடமைகள்

ஊராட்சி உறுப்பினர்கள் கீழ்க்காணும் பணிகளை மேற்கொள்ளலாம்.

1. கிராம சுகாதாரச் செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் கூடி, தடுப்பூசித் தவணை விடுபட்ட குழந்தைகளைக் கண்டு, ஒருவர்கூட விடுபடாமல் போடுவித்தல்.

2. சாக்கடை நீர் தேங்காமல் காத்தல். கிணறுகளிலும் குட்டைகளிலும் புழுத் தின்னும் மீன்களைச் சுகாதாரத் துறையின் அறிவுரைப்படி விடுதல். பாய்ச்சல் முறை பற்றி உழவர்களைக் கூட்டிப் பேசுதல்.

3. கால்நடைத் துறையின் துணையோடு ஊர் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தல்.

4. இரவிலும் மருத்துவ ஊர்தி ஒவ்வொரு தெருவுக்கும் வந்து சேரத்தக்கவாறு பாதையைச் செப்பனிட்டு, தெருவிளக்கு எரியச் செய்தல்.

5. மருத்துவச் சீட்டின்றி ஸ்டீராய்டு மாத்திரை உண்பதன் தீமையைக் கிராம சபையில் எடுத்துரைத்தல்.

இவற்றோடு, செய்யலாகாத ஒன்றையும் கூறியாக வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியோர் இன்னின்னார் என்று பட்டியல் எழுதி ஊரறியச் செய்தல் கூடாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்பதை அவரது இசைவின்றி வெளிப்படுத்துவதையும், அதன்பொருட்டு அவரை ஒதுக்குவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சட்டத்தைவிடவும் பெரிதாக நாம் கருத வேண்டியது மனித நேயம். ஊர் தன்னை ஒதுக்கும் என்று அஞ்சுபவர் நோயை மறைப்பார். மறைப்பவர் காலந்தாழ்ந்தே மருத்துவமனை சேர்வார். யார் என்று கேளாமலே எல்லோருக்கும் வேலி போடுவதுதான் ஊராட்சி செய்யத்தக்க நற்பணி. கொசுவற்ற வயலும், ஊசி போட்ட குழந்தைகளும், காவலுக்குட்பட்ட நாய்களும் உள்ள ஊரில், தம் நோயை வெளியிட விரும்பாதவரும் அச்சமின்றி வாழ்வர்.

வாசக சாலையிலும் மாதர் சங்கத்திலும் கலந்து பேசத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் இரண்டாம் தவணைத் தட்டம்மை ஊசி போடாத குழந்தைகள் எத்தனை பேர்?
2. ஜப்பானிய மூளைக் காய்ச்சலைத் தடுக்க, பிறர் ஊசி போட்டுக்கொள்வது மட்டும் ஏன் போதாது?
3. காய்ச்சல் இல்லாதபோதும் மூளை நோய் உண்டென ஐயுறத்தக்க அறிகுறிகள் யாவை?
4. நம் பாசனத்தில், நீர் வற்றியபின் பாய்ச்சும் முறையை எந்தெந்த மடைகளில் கூட்டாகக் கையாள இயலும்?
5. நள்ளிரவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், நம் ஊரிலிருந்து மருத்துவமனை சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதனைக் குறைக்க நாம் செய்ய வேண்டுவது யாது?

கடைசி வினாவுக்கு விடை காணும் பொறுப்பை ஊராட்சி உறுப்பினர் எவரேனும் ஏற்று, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அறிவித்தல் நலம்.